மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களின் ஆசிரிய நெறி

தொண்டைநாட்டுப் பாடல்பெற்ற தலங்களுள் ஒன்றாகிய திருவலிதாயம் இக்காலத்துப் பாடி என வழங்குகின்றது. ஆளுடைய பிள்ளையார் பதிகம் பெற்ற இத்தலத்திலே வியாழ பகவான் இறைவனை வழிபட்டுப் பேறுற்றனர் என்பது தலவரலாறு. அதுபற்றி, வியாழக்கிழமைதோறும், தேர்வு நெருங்குங் காலத்துப் பின்னும் மிகுதியாகவும், பெற்றோர் தம் மக்களைக் கைப்பிடித்து அழைத்துவந்து, குருவின் சந்நிதியில் விளக்கேற்றிக் கல்வி வரம் வேண்டிச் செல்கின்றனர். அங்கே வரிசையில் நிற்கும் சிறுவர் முகங்களைச் சற்றே உற்று நோக்குவார்க்குச் சிலரிடத்து ஆர்வமும் பலரிடத்து அச்சமும் புலனாகும். எழுத்தைக் கண்டு அஞ்சிப் பிறந்த குழவி உலகத்தில் இல்லை. அவ்வச்சம் இடையிலே ஒருவரால் ஊட்டப்பட்டதாதல் வேண்டும்.

ஆசிரியன் மாணாக்கனை நடத்தும் முறையே பின்னர் அம்மாணாக்கன் கல்வியைப் போற்றும் முறையாய் முடிகின்றது என்பதற்கு நம் சைவ உலகத்திலேயே சிறந்த சான்றாக நின்றவர் திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள். அவர் இயற்றிய தலபுராணங்களையும் பிள்ளைத்தமிழ்களையும் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். பாடிக்கு அணித்தாகிய குன்றத்தூரில் அவதரித்த சேக்கிழார் பெருமான்மீது அவர் பாடிய பிள்ளைத்தமிழை அறியாத சைவர் இலர். ஆகலின் அவருடைய புலமையை விடுத்து, அவர் கற்ற வகையையும் கற்பித்த வகையையும் மட்டும் ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

பிள்ளையவர்கள் 1815ஆம் ஆண்டு ஏப்பிரல் 6ஆம் நாள், பவ வருடம் பங்குனி மாதத்தில், திரிசிரபுரத்தை அடுத்த அதவத்தூரிலே சிதம்பரம் பிள்ளைக்கும் அன்னத்தாச்சிக்கும் புதல்வராகத் தோன்றினர். தந்தையார் தாமே தமிழாசிரியராய் இருந்தமையின் முதற் கல்வி அவரிடத்தே நிகழ்ந்தது. அக்காலத்துத் திண்ணைப் பள்ளிகளின் இயல்பை முதியோர் அறிவர். பாடம் ஒப்பியாத சிறுவனுக்குப் பிரம்படி சிறிய தண்டனை. உத்திரத்திற் கட்டிய கயிற்றைப் பற்றித் தொங்கவிடும் கோதண்டம் பெரிய தண்டனை. அத்தகைய காலத்திலே, பெற்ற தந்தையே ஆசானாக வாய்த்ததும், எண்ணும் எழுத்தும் நிகண்டும் அந்தாதிகளும் வீட்டுப் பேச்சைப்போல் அவர் செவியில் ஏறியதும் அவர் முன்னைத் தவப்பயன் என்றே சொல்லல் வேண்டும். ஆயினும் அப்பேறு நீடிக்கவில்லை. இளமையிலேயே தந்தையார் இறைவன் திருவடி நிழலை எய்தினர். குடும்பச் சுமை தலைமேல் விழ, கல்விப் பசியும் உடன்வரத் திரிசிரபுரத்திற் குடிபுகுந்தார்.

அங்குத்தான் அவர் மற்றொரு வகை ஆசிரியர்களை எதிர்ப்பட்டார். அச்சிட்ட புத்தகம் மிகவும் அருகியிருந்த அந்நாளிலே ஏடு வைத்திருப்பவரே நூலுக்கு உடையவர்; அவர் மனம் இரங்கினால் அன்றி ஒருவரி அறிதற்கும் வழியில்லை. உறையூர் முத்துவீர வாத்தியார், திரிசிரபுரம் சோமசுந்தர முதலியார், கீழ்வேளூர்ச் சுப்பிரமணிய தேசிகர் முதலிய நல்லோர் சிலர் அவருக்கு உதவினர். ஒருவரிடம் ஓர் இலக்கணம், மற்றொருவரிடம் ஒரு புராணம், பிறிதொருவரிடம் ஒரு சாத்திரம் என இவ்வாறு, தேனீ பல மலர்களிற் சென்று சிறிது சிறிதாகத் தேன் சேர்ப்பதுபோலக் கற்றார். தண்டியலங்காரம் கற்க விரும்பியபோது நேர்ந்ததோ வேறு. அந்நூலேட்டை வைத்திருந்தவர் ஊரில் இராக்காலத்தே வீடுதோறும் பிச்சை ஏற்றுத் திரிந்த ஒரு துறவி. அவர் நூலறிவு உடையவர். அதனினும் மிகுந்த செருக்கு உடையவர். இலகுவில் எவருக்கும் பாடஞ் சொல்லார், ஏட்டையும் கொடார். பிள்ளையவர்கள் அவர் பின்னே தெருத்தெருவாகச் சென்றும், அவர் விரும்பிய பொருள்களைத் தேடிக் கொடுத்தும் — அவற்றுட் சில இவ்விதழிற் பெயர் சுட்டத் தகாதன — அவர் மனம் மகிழ்ந்திருந்த வேளை பார்த்துச் சிறிது சிறிதாகப் பாடங் கேட்டு, ஏட்டையும் பிரதி செய்துகொண்டார். நன்னூலார் ஆசிரியராகாதாரை மடற்பனையோடு ஒப்பிட்டது நினைவிற்கு வருகின்றது. கருக்கு நிறைந்த அம்மரத்தில் ஏறிப் பறிக்க ஒருவராலும் இயலாது. தானே உதிர்த்தபோது பொறுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

திருவாவடுதுறையிலும் அத்தகைய நிகழ்ச்சி ஒன்று உண்டு. அம்பலவாண முனிவர் என்னும் பெரியாரிடம் கற்கவேண்டி அவர் பன்னாள் காத்து, உடனிருந்து பணிசெய்தும், கேட்டுணர்ந்தவை சில சிறு நூல்களே. இதனை மடத்துக்குக் குறையாக எடுத்துக் கூறுகின்றோமல்லோம். அம்மடமே பின்னர் இவ்வரலாற்றுக்குப் பெருந்துணையாய் நின்றதைக் கீழே காட்டுவோம். அக்காலத்து அறிஞர் பலர் கொண்டிருந்த கொள்கை அதுவாகும். மாணாக்கனுடைய பக்குவத்தை நெடிது சோதித்தல் ஆசிரியர்க்குக் கடன் என்றும், எளிதிற் கிடைத்த கல்வி மதிக்கப்படாது என்றும் அவர் கருதினர்.

இக்கொள்கைக்குச் சித்தாந்தத்தையே துணையாக இழுப்பாரும் உளர். இறைவனும் மலபரிபாகம் நோக்கியன்றோ சத்திநிபாதம் அருளுகின்றான் என்பர். அங்ஙனம் கூறுவார் பாதியை மறந்தனர். பரிபாகம் வருந்துணையும் இறைவன் வாளா இருந்து பார்த்திருப்பானல்லன். அவனது சத்தியே திரோதானமாய் உயிரின் உள்ளே மறைந்து நின்று, மலத்தோடு பொருந்தி அதனை நடத்தி, அப்பரிபாகத்தை வருவிக்கின்றது. பக்குவத்தை நோக்குபவன் எவனோ அவனே அதனை விளைப்பவனும் ஆகின்றான். இதனை உணர்ந்த ஆசிரியன் மாணாக்கனைப் படிக்கு வெளியே நிறுத்திவைத்துப் பழுக்கவிடான்.

பிள்ளையவர்கள் இதனை எங்கும் தருக்கமாக எடுத்துக் கூறினாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் தாம் பட்ட துன்பத்தைத் தம் மாணாக்கர்பால் இறக்கிவைக்கவில்லை. மாமியாரிடம் இடர்ப்பட்ட மருமகள் தான் மாமியாரானபோது அதனையே மருமகளுக்குச் செய்தல் உலகியல். கல்வியுலகும் அதற்கு விலக்கன்று. கடும்பிரம்பில் வளர்ந்தவர் பிரம்பைப் புகழ்ந்து பேசுவதை இன்றும் கேட்கின்றோம். இவரோ சங்கிலியின் அக்கண்ணியைத் தம்மோடே அறுத்துவிட்டார். காஞ்சீபுரம் சபாபதி முதலியார் முதலிய சென்னை வித்துவான்களோடு அளவளாவி ஐயங்களை நீக்கிக்கொண்டு திரிசிரபுரம் மீண்டபின்பு, வந்தார்க்கெல்லாம் பாடஞ் சொல்லத் தொடங்கினார். பொருள் வாங்குவதில்லை. அதன் மேலும், ஊண் இல்லாத மாணாக்கர்க்குத் தம் இல்லத்திலேயே உணவு அளித்தார். அதன்பொருட்டுக் கடனும் பட்டார். அக்கடன் அவரை வாழ்நாள் முழுதும் விட்டு நீங்கவில்லை.

சாதி சமயங்கள் அவர் திண்ணையிற் குறுக்கிடவில்லை. திருநீறும் உருத்திராக்கமும் தரித்துச் சிவபூசை வழுவாத அவரிடத்தே கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளை உடனுறைந்து கற்றனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலர் என்னும் இசுலாமியப் புலவரும் கற்றனர். பின்னாளிற் சென்னையிலே தமிழாசிரியராய் விளங்கிய சோடசாவதானம் சுப்பராய செட்டியாரும், கும்பகோணம் கல்லூரியைத் தம் புலமையால் நிமிரச் செய்த தியாகராச செட்டியாரும் அவர் மாணாக்கரே. மாயூரத்து முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளைமீது அவர் கோவை பாடியதைக் குறைகூறிய சைவரும் இருந்தனர். நட்புக்காகப் பாடிய அதனைக் குற்றமென்று யாம் எண்ணுகின்றிலோம்.

1871ஆம் ஆண்டு அவர் மாயூரத்தில் இருந்தபோது, உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் என்பார் தம் குமாரரை அழைத்துக்கொண்டு வந்தனர். அப்போது அம்மாணவர்க்கு வயது பதினாறு. பிள்ளையவர்கள் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. வருபவர் பலர் சிறிது காலம் இருந்து, அரைகுறையாகக் கற்று, விடைபெறாமலும் போய்விடுவதைச் சொல்லி அவர் தயங்கினர். எவ்வளவு காலமாயினும் மகன் உடனிருந்து கற்பான் எனத் தந்தையார் உறுதி கூறியபின்னரே இசைந்தனர். வாயிலிற் சிறிது தயங்கினாரேயன்றி, உள்ளே விட்டபின் ஒன்றையும் ஒளித்தாரல்லர். வேங்கடராமன் என்னும் பெயரினும் வீட்டில் வழங்கிய சாமிநாதன் என்னும் பெயரே தமக்கு இனிதாயிருத்தலின் அப்பெயராலேயே அவரை அழைக்கலாயினர். உலகம் பின்னர் அறிந்ததும் அப்பெயரையே. மாணாக்கனை இன்ன பெயரால் அழைப்பது என்று ஆராய்ந்து ஓராசிரியர் மனம் செலுத்துவது சிறிய செய்தியாகத் தோன்றலாம். பெயரே அறியாது வரிசை எண்ணால் அழைக்கப்பட்டு வளரும் பிள்ளைகளைக் கண்டவர்க்கு அது சிறிதாகாது.

பாடஞ் சொல்லும் முறையும் தனியானது. ஏட்டைக் கையில் வாங்கிப் பார்க்கும் வழக்கம் அவர்க்குப் பெரும்பாலும் இல்லை. மாணாக்கர் படிப்பர், அவர் நினைவிலிருந்தே பொருள் கூறுவர். ஒருநாளில் நூற்றுக்கணக்கான செய்யுட்கள் நடந்தேறுதலும் உண்டு. புராணம் பாடுங்கால் மாணாக்கர் ஒருவர் ஏடும் எழுத்தாணியுமாக அமர்வர். அவர் வாயினின்று செய்யுள் வரவர எழுதிக்கொள்வர். செய்யுள் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அருகிருந்து கண்ட மாணாக்கனுக்கு யாப்பிலக்கணம் அச்சந் தருவதாகத் தோன்றுமோ? அரசனது சமையலை அடுக்களையிலேயே நின்று பார்த்தவன் அப்பண்டத்தைக் கண்டு வியப்பானேயன்றி மருளான்.

இளைய சாமிநாதையர்க்குத் தொடக்கத்தில் ஒரு மனக்குறை இருந்தது. ஆசிரியர் தம்மொடு நேரே பேசும் வேளை குறைவாயிருந்ததே அது. மாயூரத்து இல்லத்தின் தோட்டத்திற் பிள்ளையவர்கள் செடிகளையும் மரங்களையும் வளர்த்து வந்தனர். காலைதோறும் அங்கே உலாவி, எங்கே புதுத்தளிர் விட்டதென்று தேடிக் கண்டு மகிழ்தல் அவர் இயல்பு. மாணாக்கர் இதனை அறிந்துகொண்டார். அவர் எழுமுன்பே எழுந்து தோட்டத்துட் சென்று, தளிர்த்த இடங்களையெல்லாம் கண்டு வைத்து, ஆசிரியர் வந்தவுடன் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஆசிரியர் முகம் மலர்ந்தது, பேச்சு பிறந்தது, பாடமும் பெருகிற்று. தண்டியலங்காரத்துக்காகத் துறவியின் பின் இரவில் அலைந்த இளைஞரையும், ஆசிரியரின் அன்பை வேண்டி விடியலில் தளிர் தேடிய இளைஞரையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது, வேட்கை இருவர்க்கும் ஒன்றே என்பதும், முன்னவர் செருக்கின் வாயிலிற் காத்திருக்கப் பின்னவர் அன்பின் வாயிலிற் காத்திருந்தார் என்பதும் விளங்கும்.

குணத்தையே கூறிக் குறையை மறைத்தல் சரித்திரமாகாது. பிள்ளையவர்களின் மென்மை சில வேளைகளில் அவர்க்கே இடராயிற்று. பிறரிடம் தம் தேவையை வாய்விட்டுச் சொல்லார். எண்ணெய் முழுக்குக்கு எண்ணெயின்றியும் இருந்ததுண்டு. வீட்டுச் செலவு முட்டுப்பட்ட காலத்தும் மாணாக்கர் கூட்டத்தைக் குறைத்தாரல்லர். மற்றொன்று இதனினும் முதன்மையானது. சாமிநாதையர் இசைப்பயிற்சி உடைய குடியிற் பிறந்தவர். மாயூரத்திலே கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சிலகாலம் இசை பயின்றும் வந்தனர். இசையில் மனம் சென்றால் இலக்கண இலக்கியத்திற் கருத்து ஊன்றாது என்று ஆசிரியர் குறிப்பாற் கூறியதே போதுமானதாயிற்று. மாணவர் அன்றே அப்பயிற்சியை விட்டுவிட்டனர். பிரம்பால் நிறுத்தமுடியாத ஒன்றை அன்பு ஒரே சொல்லால் நிறுத்திவிடும். அடிக்கும் ஆசிரியனுடைய ஆணையை மாணாக்கன் உள்ளத்தால் மீறலாம். நேசிக்கும் ஆசிரியனுடைய விருப்பத்தை மீறுதற்கு உள்ளத்திலும் இடமில்லை. ஆதலின் மென்மையுடைய ஆசிரியர் தம் வெறுப்புக்களை வெளியிடுவதில் கடுமையுடையாரினும் விழிப்பாயிருத்தல் வேண்டும் என்பது எம் கருத்து. அம்மாணவர் பிற்காலத்திற் சங்கீத வித்துவான்களைப் பற்றி விரிவாக எழுதியவற்றைப் படிப்பார்க்கு, அவர் கைவிட்டது எளிய பொருளன்று என்பது புலப்படும்.

திருவாவடுதுறை ஆதீனத்தின் உறவு அவர் வாழ்வுக்கு நிழலாயமைந்தது. அம்பலவாண தேசிகர் அவர்க்கு மகாவித்துவான் என்னும் பட்டம் அளித்தனர். பின்னர்க் குருமகாசந்நிதானமாய் விளங்கிய மேலகரம் சுப்பிரமணிய தேசிகர் அவரை ஆதீன வித்துவானாகப் போற்றி, தம்பிரான்களும் பிற மாணாக்கரும் ஒருங்கிருந்து அவரிடம் பாடங் கேட்குமாறு செய்தனர். மாணவர்க்கு ஊணும் உறையுளும் அமைத்துக் கொடுத்தனர். ஒரு காலத்தில் அவர் பன்னாள் காத்துச் சில சிறு நூல்களே கேட்ட அம்மடத்திலே, வைகறை முதல் இரவுவரை அவர் குரலிற் பாடம் ஓவாது நிகழ்ந்தது. ஆசிரியர் ஒருவர் எவ்வளவு ஈகையுடையராயினும் அவர்க்குப் பின்னே ஓர் இடமும் அவ்விடத்துக்கு ஒரு தலைவரும் வேண்டும். மடங்கள் அன்று செய்த பெருந்தொண்டுகளுள் இதனையே யாம் முதலாவதாக எண்ணுகின்றோம்.

1876ஆம் ஆண்டு பிப்பிரவரி முதல் நாள் திருவாவடுதுறையிலே பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினர். இறுதிக்கண் அவரைத் தம் மார்பிற் சார்த்தித் தாங்கியிருந்தவர் கிறிஸ்தவ மாணாக்கராகிய சவேரிநாத பிள்ளை. அருகிலிருந்து திருவாசகத்து அடைக்கலப்பத்தை ஓதியவர் சாமிநாதையர். இதற்குமேல் அவருடைய ஆசிரிய நெறிக்கு உரையெழுத வேண்டுவதில்லை.

ஆயினும் அவர் வாழ்வு அன்றோடு முடிந்ததென்று கொள்ளற்க. தியாகராச செட்டியார் கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவியினின்று ஓய்வு பெறுங்கால், தம் இடத்துக்குத் தம் உடன்மாணாக்கராகிய சாமிநாதையரையே முயன்று அமைத்தனர். அது 1880ஆம் ஆண்டு. செட்டியார் கடுஞ்சொல்லர், எளிதில் எவரையும் மெச்சாதவர். ஓராசிரியர்பாற் கற்ற இருவர் இயல்பால் ஒருபடித்தாய் அமையவில்லை என்பதையும் மறைக்கவேண்டுவதில்லை. கடுமை அவர் நாவில் இருந்ததே தவிர, கற்றதைக் கொடுப்பதிலும் பதவியைக் கொடுப்பதிலும் உலோபம் இருந்ததில்லை.

அவ்வாண்டே சேலம் இராமசுவாமி முதலியார் முன்சீபாகக் கும்பகோணம் வந்தனர். காணச் சென்ற சாமிநாதையர் தாம் கற்ற அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணங்களின் பெயர்களை வரிசையாக அடுக்கினர். முதலியார் அவற்றைப் பெரிதாகப் பாராட்டினாரல்லர். இவற்றாற் பயன் என்னை, சீவகசிந்தாமணி போன்ற பழைய நூல்களைப் படித்ததுண்டோ என்று வினவினர். கல்லூரித் தமிழாசிரியர் ஒருவர்க்கு இது எத்தகைய அடி என்பதை எண்ணுக. அதட்டியும் இழித்தும் வளர்க்கப்பட்ட ஒருவர் அவ்விடத்திற் சினந்திருப்பார். அல்லது தம் ஆசிரியர் பெயரைச் சொல்லி எதிர்வாதம் புரிந்திருப்பார். ஐயரோ சிந்தாமணி ஏட்டை வாங்கிக்கொண்டு மாணாக்கராயினர். அறியாமையை ஒப்புக்கொள்வது அவமானமென்று அவர்க்கு ஒருவரும் கற்பித்திருக்கவில்லை. பிச்சையேற்ற துறவியிடமும் பணிந்து கற்றவர் அவருடைய ஆசிரியர்.

சிந்தாமணியில் வரும் சைன சமயக் கருத்துக்கள் விளங்காதபோது, திருவாவடுதுறை மடத்து மாணாக்கராகிய அவர் கும்பகோணத்துச் சைனர் வீடுகளுக்குச் சென்று கேட்டறிந்தனர். சைவ மடத்தில் வளர்ந்தவர் சைன நூலை அச்சிடுவதோ என்று முணுமுணுத்தவர் இருந்தனர். சுப்பிரமணிய தேசிகர் அவ்வழியிற் செல்லாது மடத்திலிருந்த ஏட்டையும் உதவினர். சவேரிநாத பிள்ளைக்கும் குலாம் காதிறு நாவலர்க்கும் பாடஞ் சொன்ன திண்ணையிற் பயின்றவர்க்குச் சைனரிடம் பாடங் கேட்பது புதிதாகத் தோன்றவில்லை. 1887ஆம் ஆண்டு சிந்தாமணி அச்சிலேறியது. அதன்பின் பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. பிள்ளையவர்கள் தாம் வாழ்நாளிற் பாடஞ் சொல்லாத நூல்கள் அவை. கற்பிக்காத நூலையும் மாணாக்கன் தேடிச் செல்லும்படி செய்துவிட்டுப் போவது ஆசிரியர்க்கு அரிதாக வாய்க்கும் பேறு.

பின்னாளிற் சாமிநாதையர் சென்னைத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த இல்லத்துக்குத் தியாகராச விலாசம் என்று பெயரிட்டனர். தமக்குப் பதவி தந்த உடன்மாணாக்கரின் பெயர் அது. அங்கிருந்துகொண்டே, எழுபது பிராயங் கடந்தபின்பு, நாடெங்கும் உள்ள மாணவ பரம்பரையினரிடம் செய்தி திரட்டித் தம் ஆசிரியரது சரித்திரத்தை 1933, 1934ஆம் ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டனர். அச்சரித்திரத்திலே பிள்ளையவர்கள் பாடிய நூல்களின் வரலாற்றுக்கு இணையாக, அவர் யார் யாருக்கு எந்தெந்த ஊரில் என்னென்ன பாடஞ் சொன்னார் என்பதும் எழுதப்பட்டுள்ளது.